ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை டீலரிடம் வாங்குவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய கார் வாங்க நினைப்பவருக்கு உறவினரும் நண்பரும் முதலில் சொல்லும் அறிவுரை, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியைத் தொட வேண்டாம் என்பதுதான். இந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. மீட்டரில் பெரிய எண்ணைக் கண்டு வாங்குபவர் அஞ்சுவதால்தான், அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும் ஆசை விற்பவருக்கு வருகிறது. எவ்வளவு ஓடியது என்பதைவிட, அவ்வளவு ஓடியதற்கும் அதற்கேற்பப் பராமரிக்கப்பட்டதற்கும் சாட்சி இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பெங்களூரு நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 60,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எஞ்சின் 3,000 மணி நேரம் இயங்கியிருக்கிறது. ஓசூருக்கும் சேலத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,50,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எஞ்சின் இயங்கியது 2,500 மணி நேரம்தான். முதல் வண்டியின் கிளட்சும் பிரேக்கும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை மிதிபட்டிருக்கும். இரண்டாவது வண்டி ஐந்தாவது கியரில் சீராக ஓடியிருக்கும். மீட்டரை மட்டும் பார்ப்பவர் முதல் வண்டியைத்தான் வாங்குவார்.

2019-இல் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். என் தம்பிக்காக ஒரு கடையில் பார்த்த டீசல் காரின் மீட்டரில் 78,000 என்றிருந்தது. மூன்று மாதம் கழித்து, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது 1,46,000 கிலோமீட்டரில் சர்வீசுக்கு வந்த பதிவு திரையில் தெரிந்தது. முந்தைய உரிமையாளர் கொடுத்தபடியே விற்றதாக டீலர் சொன்னார். எங்கள் ரசீதில் கிலோமீட்டர் எழுதப்படாததால், அவரிடம் எடுத்துக் காட்ட எங்கள் கையில் எதுவும் இல்லை. வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் பதிவு எண்ணை வாங்கி, சர்வீஸ் சென்டரில் ஒரு முறை விசாரித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும், மனவேதனையும் இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை அதுவே. டீலரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேளுங்கள். வெளிப் பட்டறையில் பார்க்கப்பட்ட வண்டி என்றால் பில்களைக் கேளுங்கள்; பில்களும் இல்லையென்றால், சாட்சி இல்லாத வண்டிக்குரிய விலையை மட்டுமே பேசுங்கள். பிறகு மீட்டரை வண்டியின் வயதால் வகுத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளில் 1,70,000 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர்; பக்கத்து ஊருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது இயல்பான ஓட்டம். பத்து ஆண்டு டீசல் வண்டியில் 60,000 என்றால் நாளுக்கு 16 கிலோமீட்டர்தான் ஆகிறது. அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் கூடுதல் விலை கொடுத்து டீசல் வண்டி வாங்கியிருப்பாரா என்று யோசிக்க வேண்டும்.

கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் ஆகியவையும் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் நான்கு வயது வண்டியில் நான்கு டயர்களும் மாற்றப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஒரு சாட்சி இருக்கிறது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம் வரை உயரும். ஒரே உரிமையாளரிடம் ஏழெட்டு ஆண்டுகள் இருந்த வண்டியின் பாலிசியில் அது சுழியமாக இருந்தால், அண்மையில் ஏதோ விபத்துக்கோ பழுதுக்கோ இழப்பீடு கோரியிருக்கிறார்கள் என்றோ, இடையில் இன்சூரன்ஸ் விட்டுப்போயிருக்கிறது என்றோ கொள்ளலாம். இந்தப் போனஸ் உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. எனவே அது உங்களுக்கு வந்து சேராது.

அடுத்து ஆவணங்கள். 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது 5 ஆண்டுகள் செல்லும். உரிமையாளர் தம் வண்டியை அத்தகைய டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29-சி வழியாக அதைத் தெரிவிக்க வேண்டும். அதன் பின் வண்டிக்கான பொறுப்பு டீலரைச் சேரும். கடைக்குள் நுழைந்ததும் இந்தச் சான்றைக் கேட்பதில் தவறேதும் இல்லை. அது இல்லாத கடைகளில், முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை வைத்துக்கொண்டு வண்டி கைமாறும் பழைய வழக்கமே நடக்கும். அவ்வாறு வாங்குவதாக இருந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரோடு நேரிலோ தொலைபேசியிலோ பேசாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், பைனான்ஸ் பதிவு நீங்கியதா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பனவற்றை அரசின் எம்-பரிவாகன் செயலியோடு வைத்துச் சரிபாருங்கள். கடன் தீர்ந்துவிட்டது என்ற வாய்மொழி போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும், பைனான்ஸ் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வர வேண்டும். இ-சலான் பாக்கியையும் பாருங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பின் எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், 13 அல்லது 14 வயது வண்டிக்கு அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். மஞ்சள் போர்டாக ஓடிப் பின் ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டியா என்பதையும் கேளுங்கள். வாடகைக்கு ஓடிய வண்டி ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டருக்கு மேலும் ஓடியிருக்கக்கூடும்.

ஓசூர் எல்லையை ஒட்டி வாழும் நமக்குக் கர்நாடகத்தின் கே.ஏ. பதிவு வண்டிகள் எளிதில் கிடைக்கின்றன; விலையும் சற்றுக் குறைவாகச் சொல்வார்கள். அந்தக் குறைவு பெரும்பாலும் தோற்றமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே புதிய எண் பெற வேண்டும். அதற்குக் கர்நாடகப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28 தேவை. தமிழ்நாட்டின் சாலை வரியையும் புதிதாகக் கட்ட வேண்டும். டீலர் சொல்லும் விலையில் இந்த வரி அடங்கியிருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கர்நாடகத்தில் ஏற்கெனவே கட்டிய வாழ்நாள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்றாலும், அந்தத் தொகையை நம்பி விலை பேச வேண்டாம். தடையின்மைச் சான்று கையில் இல்லாத கே.ஏ. வண்டிக்கு முன்பணம் கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வண்டியைப் பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். டீலரின் ஆளைக் கொண்டு பார்ப்பதில் பயனில்லை. காலையில் போவதாகவும், வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வாருங்கள். மார்கழிக் குளிரில் ஓசூரிலோ தளியிலோ ஒரு டீசல் எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டால் அது பெரிய நற்சான்று. நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை டீசல் சரியாக எரியாததைக் காட்டும். இன்ஜெக்டரோ டர்போவோ காரணமாக இருக்கலாம். சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே எரிவதன் அறிகுறியாகலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று புகை அடித்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். அந்த எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டியிருக்கும், அதை வாங்காதீர்கள்.

நம் பகுதிக்கென்றே உள்ள ஒரு சோதனை ரேடியேட்டரில் இருக்கிறது. இங்குள்ள நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த நீர் பல இடங்களில் கடினத்தன்மையும் கொண்டது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கட்டும் அதே வெள்ளைப் படிவம், கூலன்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டியின் ரேடியேட்டர் குழாய்களிலும் கட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள். தெளிந்த பச்சையோ சிவப்போ இருந்தால் நல்லது. துருநிறத் தண்ணீர் அலட்சியத்தைக் காட்டும். எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். பத்து ஆண்டுகள் ஒரு வண்டியை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியை நான் கண்டதில்லை.

எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் பெல்ட் இருக்கிறது, ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசலில் செயின். பெல்ட்டை நிறுவனம் சொன்ன கிலோமீட்டரில் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து நொறுங்கும். ஸ்கேனர் கருவி வைத்துள்ள மெக்கானிக் என்றால் வண்டியின் கணினியில் பதிந்துள்ள பழைய பழுதுக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். அவற்றை அழித்த பின் ஓடிய தூரத்தையும் பல வண்டிகளில் பார்க்க முடியும்.

ஓட்டிப் பார்க்கும்போது கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. கிருஷ்ணகிரியில் வாங்குபவர் மேலுமலைக் கணவாய் வழியாகச் சூளகிரிப் பக்கம் ஏறிப் பாருங்கள். தருமபுரியில் வாங்குபவருக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம் என்பதால், பகலில், குறைந்த கியரில், நிதானமாக இறங்கி, திரும்பும்போது ஏற்றத்தைக் கவனியுங்கள். ஏற்றத்தில் ஏ.சி. ஓடும்போதே வெப்பமானி முள் நிலையாக நிற்க வேண்டும்; ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் வேகம் மட்டும் கூடி வண்டி நகராவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம். பின்னர் ஏதாவதொரு திடலில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். டக் டக் என்ற ஒலி வந்தால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

அடி வாங்கிய வண்டியா என்பதைக் கதவு இடைவெளிகள், பானெட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம், டிக்கி விரிப்புக்கு அடியில் டிங்கரிங் வெல்டிங் ஆகியவை காட்டிக்கொடுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் சேற்றுத் தடம் இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. பம்பரில் வண்ணம் மாறியிருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தக்காளியும் மாங்காயும் ஏற்றிய பிக்கப் வண்டி வாங்குபவர், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளையும் சேஸிஸில் விரிசலையும் எஞ்சினுக்கு முன்பே பார்க்க வேண்டும்.

விலை பேசும்போது, பெல்ட், டயர், கிளட்ச், பேட்டரி என்று உடனடியாகச் செய்ய வேண்டியவற்றை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள். ஜி.எஸ்.டி. தனி என்று டீலர் சொன்னால், பழைய வண்டிக்கு அந்த 18 சதவீத வரி அவருடைய இலாபத்தின் மீதே விதிக்கப்படுகிறது, முழு விலையின் மீது அன்று என்பதை நினைவூட்டுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ரசீதில் கிலோமீட்டர், விபத்து இல்லை என்ற உறுதி, பெயர் மாற்றத்துக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பன இருக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் இருக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்க டீலர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் பலர் சம்மதிக்கிறார்கள்.

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் தாமதமின்றித் தாக்கல் செய்யுங்கள். வாங்குபவருக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஃபாஸ்டேக் முந்தைய உரிமையாளரின் கணக்கில் இருக்கும் என்பதால், கிருஷ்ணகிரி டோலைத் தாண்டும் முன் புதியது ஒட்டிவிடுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு மாறாக ஏதேனும் தெரியவந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வண்டி பெங்களூரில் வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்குப் புகார்க் கட்டணம் இல்லை. கிலோமீட்டர் எழுதிய அந்த ரசீதை அங்கே முதலில் கேட்பார்கள்.