கெடு தேதியை முடிந்த வேலையிலிருந்து கணக்கிடுங்கள்

மதுரை மாசி வீதி ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையை இரண்டு வாரத் தவணைகளாக (ஸ்பிரிண்ட்) பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவைப் பொறுத்து பாயிண்ட் கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும், சோதனை முடிந்து கடைக்காரர் பில் போட்டுப் பார்த்த வேலையின் பாயிண்டுகளை மட்டும் கூட்டுங்கள். ‘90 சதவீதம் முடிந்தது’ என்றால் பூஜ்யம்தான். இதில் இரக்கம் காட்டவே கூடாது. மிச்சம் 10 சதவீதத்தில்தான் ஜிஎஸ்டி ரவுண்டிங், ரிட்டர்ன் பில் எல்லாம் ஒளிந்திருக்கும்.

கடைசி மூன்று ஸ்பிரிண்டில் 18, 24, 21 பாயிண்ட் முடிந்து, பாக்கி 120 பாயிண்ட் என்றால், பாக்கியைச் சராசரியான 21-ஆல் வகுத்து முழு எண்ணாக உயர்த்தினால் ஆறு ஸ்பிரிண்ட், அதாவது 12 வாரம். குறைந்த வேகமான 18-ஆல் வகுத்தால் ஏழு ஸ்பிரிண்ட், அதாவது 14 வாரம். ஆகவே ‘12 முதல் 14 வாரம்’ என்றே சொல்லுங்கள். இடையில் புது வேலை சேர்ந்தால் பாக்கியைத் திருத்தி மறுபடி வகுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்துக்கு வேலையைக் குறைத்தே எடுங்கள்.