வண்டி ஓட்டும்போது கவனம்: ஜாக்கிரதையானவர்களும் செய்யும் தவறுகள்

ஓட்டிக்கொண்டே மெசேஜ் டைப் செய்வது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்யாதவர்கள்கூட, ‘இதனால் ஒன்றும் ஆகிவிடாது’ என்று வேறு சில காரியங்களைச் செய்கிறார்கள். இங்கே சொல்லப்போவது அவற்றைப் பற்றித்தான்.

‘சும்மா ஒரு பார்வை’ என்பதிலிருந்து தொடங்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். யார் கூப்பிடுகிறார்கள் என்று 2 நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர். அந்த நேரம் பார்த்து முன்னால் போகும் கார் பிரேக் அடிக்கிறது என்று வையுங்கள். நிமிர்ந்து, அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக இன்னும் ஒரு நொடியாவது ஆகும். ஆக 50 மீட்டர். இரண்டு வண்டிகளும் ஒரே மாதிரி பிரேக் பிடித்தாலும் இந்த 50 மீட்டர் முழுவதும் நடுவில் இருக்கும் இடைவெளியிலிருந்துதான் கழியும். நீங்கள் விட்டிருந்தது 20 மீட்டர் என்றால், உங்கள் வண்டி நிற்பதற்கு முன்பே அது தீர்ந்துபோயிருக்கும்.

அடுத்தது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில், பிறகென்ன என்று கேட்பவர்கள் அதிகம். ஓட்டும்போது போன் பேசுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினால் ஆபத்து பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை என்றும் சொல்கிறது. பேச்சில் மூழ்கியவரின் கண் நேரே வெறித்துக்கொண்டிருக்கும், கண்ணாடிகளைப் பார்ப்பது குறையும். சாலையைக் கடக்கும் ஆள் கண்ணில் பட்டும் மனதில் பதியமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர் இப்படிக் கெடுப்பதில்லையே என்றால், அவருக்கும் சாலை தெரிகிறது. லாரி குறுக்கே வந்தால் பேச்சு தானாக நின்றுவிடும். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அதனால் கூப்பிடுகிறவருக்கும் இதில் பொறுப்பு உண்டு: “வண்டி ஓட்டுறீங்களா? அப்புறம் பேசுறேன்” என்று அவரே வைத்துவிடலாம்.

சிக்னலில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு கணக்கு. குரல் கட்டளையில் மெசேஜ் அனுப்பிய பிறகு, மனம் சாலைக்கு முழுமையாகத் திரும்ப 27 நொடிவரைகூட ஆகலாம் என்று அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பச்சை விழுந்ததும் கிளம்பி 40 கி.மீ. வேகத்தில் போனால், 27 நொடியில் 300 மீட்டர்; அரைக் கவனத்தோடு கடக்கும் முதல் இடமே அந்தச் சந்திப்புதான்.

போனைச் சைலண்டில் போட்டு மடியில் வைப்பதும் உதவாது. வெளிச்சம் வந்தாலே கண் கீழே போகும். எட்டாத இடத்தில், பின் சீட்டுப் பையிலோ டிக்கியிலோ வையுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஃபோகஸ், அதில் டிரைவிங். காரின் புளூடூத் இணைந்ததும் தானாக இயங்கும்படி வைக்கலாம், மெசேஜ் அனுப்புகிறவருக்குப் பதிலையும் அதுவே அனுப்பிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இப்படியொரு வசதி உண்டு.

மேப் வேண்டும் என்றால் போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே போட்டு, குரலை இயக்கி, போனை ஸ்டாண்டில் மாட்டுங்கள்: பார்வையை மறைக்காமல், ஏர்பேக் திறக்கும் இடத்தில் இல்லாமல். திருப்பம் தவறினால் தவறட்டும். மேப் வேறு வழி காட்டும். ஏசியையும் ரேடியோவையும் டச் ஸ்கிரீனுக்குள் ஒளித்து வைத்திருக்கும் கார்கள் நம் கட்சி இல்லை. திருகும் குமிழைக் கை தடவியே கண்டுபிடிக்கும், ஸ்கிரீனுக்குக் கண் வேண்டும். அதையும் வண்டி நிற்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.

பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகுவது இரட்டைத் தவறு. பேச்சில் கவனம் போவது ஒன்று. ஹெல்மெட் தலையில் சரியாகப் பொருந்தாமல் போவது மற்றொன்று. ஹெல்மெட் காக்க வேண்டிய நேரத்தில் அந்தப் போனே கன்னத்தில் குத்தும்.

கடைசியாக, கீழே விழுந்த பொருள். தண்ணீர் பாட்டிலோ போனோ உருண்டால் உடல் தானாகக் குனியும். குனிந்தால் தோளோடு ஸ்டீயரிங்கும் திரும்பும். அப்படியே விட்டுவிட்டு, ஓரங்கட்டி நிறுத்திய பிறகு எடுங்கள். ஓட்டுநர் காலடியில் பாட்டில் உருள்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் அது மாட்டிக்கொண்டால் பெடல் முழுதாக இறங்காது. பாட்டிலுக்கு இடம் கதவுப் பை. கிளம்பும் முன் காலடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.