உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போடும் முன்

கண்ணாடி டம்ளர் உடைந்தால் துண்டுகளை அப்படியே குப்பைக்கூடையில் கொட்டிவிடாதீர்கள். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் கையால்தான் பிரிக்கிறார். பல ஊர்களில் இன்னும் சரியான கையுறைகூட அவருக்குக் கிடைப்பதில்லை. பழைய செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றி, காலி அட்டைப்பெட்டியில் வைத்து நூலால் கட்டுங்கள். மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். “அண்ணா, இதில் கண்ணாடி இருக்கிறது” என்று கையில் கொடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

பிளேடு, ஊசிக்கு மூடியுள்ள பழைய தகர டப்பா ஒன்று போதும். அப்புறம் நாப்கின், டயப்பர்: இவற்றைச் சுற்றித்தான் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. அதற்கும் செய்தித்தாளே போதும்.