வலைப்பூவில் கிரிப்டோ விளம்பர வருமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கும் அதே ஆண்டு ஜூனில் கூகுளும் கிரிப்டோ நாணய விளம்பரங்களுக்குத் தடை விதித்தன. உரிமம் பெற்ற நிறுவனங்களுக்காக அத்தடைகள் பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன என்றாலும், புதிய டோக்கன் (கிரிப்டோ நாணயம் போன்ற மின்னணு அலகு) வெளியிடுவோர் பலர் இன்றும் ஏ-ஆட்ஸ், பிட்மீடியா, காயின்ட்ராஃபிக் போன்ற, கிரிப்டோவுக்கென்றே உள்ள விளம்பர வலையமைப்புகளையே நாடுகின்றனர். வலைப்பூ எழுதுவோருக்கு இவற்றின் கவர்ச்சி வெளிப்படையானது: பணம் பிட்காயினாகவோ, டாலர் போன்ற பணத்தின் மதிப்போடு பிணைக்கப்பட்ட ஸ்டேபிள்காயினாகவோ வருகிறது, சிலவற்றில் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நுழைவது எளிதாக இருப்பதாலேயே, நுழையும் முன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகின்றனர்.

முதலில் ஏமாற்றுவது, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று விளம்பரப்படுத்தப்படும் விலை. அந்த விலை பெரும்பாலும் விளம்பரதாரர் அதிகம் விரும்பும் சில நாடுகளின் வாசகர்களுக்கு உரியது. கிரிப்டோவைப் பற்றிப் படிக்க வருவோரில் விளம்பரத் தடுப்பானையோ, இயல்பாகவே விளம்பரங்களைத் தடுக்கும் பிரேவ் போன்ற உலாவியையோ பயன்படுத்துவோர் கணிசமாக இருப்பர். ஓர் உதாரணக் கணக்காக, மாதம் 30,000 பக்கப் பார்வைகளும் ஆயிரத்துக்கு 2 டாலர் விலையும் இருந்தால் 60 டாலர் வரும் என்றே மனம் சொல்லும். அவற்றில் 40 விழுக்காடு தடுப்பானில் நின்று, மீதியில் பாதிக்கு மட்டுமே விளம்பரம் கிடைத்தால், எண்ணிக்கையில் சேர்வது 9,000 பார்வைகள். கைக்கு வருவது 18 டாலர். இந்த இடைவெளியை நிரப்பப் போலிப் பார்வைகளை விலைக்கு வாங்குவோரும், தங்கள் விளம்பரத்தைத் தாங்களே சொடுக்குவோரும் இன்னும் இருக்கிறார்கள் என்பது வியப்புதான். பணம் எடுக்கும் வேளையில்தான் கணக்கு பெரும்பாலும் ஆய்வுக்கு உள்ளாகிறது. அப்போது உண்மையான பார்வைகளுக்குரிய தொகையும் சேர்ந்தே முடக்கப்படலாம்.

வருமானம் குறைவது தாங்கக்கூடிய நட்டம். வாசகரின் பணம் பறிபோவது அப்படியன்று. விளம்பர வலையமைப்பு தரும் ஸ்கிரிப்டை (பக்கத்தில் இயங்கும் நிரலை) அப்படியே பக்கத்தில் ஒட்டுவது, திண்ணையை வாடகைக்குக் கேட்டவரிடம் வீட்டின் சாவிக்கொத்தையே கொடுப்பதற்குச் சமம். அந்த ஸ்கிரிப்ட் பக்கத்தின் எந்தப் பகுதியையும் மாற்ற முடியும், எந்தச் சாளரத்தையும் திறக்க முடியும். 2022 மே மாதத்தில் ஈதர்ஸ்கேன், காயின்கெக்கோ போன்ற பெயர்பெற்ற கிரிப்டோ தகவல் தளங்களிலேயே, மெட்டாமாஸ்க் என்னும் வாலட்டை (கிரிப்டோ நாணயத்தைக் கையாளும் மென்பொருளை) இணைக்கச் சொல்லும் போலிச் சாளரங்கள் தோன்றின. அத்தளங்களை யாரும் உடைத்து நுழையவில்லை. விளம்பர வலையமைப்பு ஒன்றின் வழியாகவே அந்தத் தீய நிரல் வந்து சேர்ந்தது. தொழில்நுட்பப் பணியாளர்கள் நிறைந்த தளங்களுக்கே இது நேர்ந்தது என்றால், தனியொருவர் நடத்தும் வலைப்பூ எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே விளம்பரத்தை ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் தனியாக இயங்கும் சட்டகம்) வடிவில் தரும் வலையமைப்பைத் தேர்ந்து, அந்த ஐஃப்ரேம் செய்யக்கூடியவற்றை வரையறுக்கும் சாண்ட்பாக்ஸ் கட்டுப்பாட்டையும் இடுவது நல்லது. புதிய சாளரம் திறக்கும் பாப்-அப், பாப்-அண்டர் வகைகளுக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் அவற்றை ஏற்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. வாலட்டின் மீட்புச் சொற்களை (வாலட்டைத் திறக்க உதவும் ரகசியச் சொற்களை) கேட்பவை, அனுப்பும் நாணயத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்பவை ஆகியவற்றைக் கண்டால் உடனே தடுத்துவிட வேண்டும். விளம்பரங்கள் வாசகரின் நாட்டுக்கும் கருவிக்கும் ஏற்ப மாறுவதால், உங்கள் கணினியில் தெரிவதை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தவறே. விளம்பரத்துக்கு மாற்று என்ற பெயரில் வாசகருடைய கணினியின் திறனைக் கொண்டு உலாவியிலேயே கிரிப்டோ நாணயம் ஈட்டும் (அகழும்) நிரல்களும் ஒரு காலத்தில் பரவின. அவற்றில் பெரிதாக இருந்த காயின்ஹைவ் 2017-இல் தொடங்கி 2019 மார்ச்சில் மூடப்பட்டது. வாசகருக்குத் தெரியாமல் அவருடைய மின்சாரத்தைச் செலவழிக்கும் அந்த வழிக்கு இன்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

அடுத்த தவறுகள் பணம் பெறும் முறையில் நிகழ்கின்றன. யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினின் ஒரே பெயரில் எத்தீரியம், ட்ரான் ஆகிய வெவ்வேறு பிளாக்செயின் சங்கிலிகளில் வெவ்வேறு டோக்கன்கள் உள்ளன. எந்தச் சங்கிலியில் அனுப்புகிறார்கள் என்று பாராமல் முகவரி கொடுத்தால் பணம் உங்களை அடையாமலே போகலாம், அனுப்பியதைத் திரும்பப் பெறவும் வழியிருக்காது. முதல் முறை சிறு தொகையை எடுத்துச் சோதித்த பிறகே பெரிய தொகைக்குச் செல்ல வேண்டும். பிட்காயினில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அங்கே பரிவர்த்தனைக் கட்டணம், அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று, பரிவர்த்தனையின் தரவு அளவைப் பொறுத்தது. வாரந்தோறும் சில்லறையாக எடுத்த இருபது தொகைகள் வாலட்டில் இருபது தனித் துண்டுகளாகவே கிடக்கும். பின்னர் அவற்றைச் சேர்த்துச் செலவிடும்போது ஒவ்வொரு துண்டும் பரிவர்த்தனையின் அளவைக் கூட்டுவதால், நெரிசல் மிகுந்த நாளில் கட்டணமே தொகையை விழுங்கிவிடும். அதற்காக எல்லாவற்றையும் வலையமைப்பின் கணக்கிலேயே மாதக்கணக்கில் குவித்து வைப்பதும் ஆபத்து. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் போன்ற பெரும் கிரிப்டோ பரிமாற்றகமே வீழ்ந்து வாடிக்கையாளர் பணம் சிக்கிக்கொண்டது. கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பொருளுள்ள அளவு சேர்ந்ததும் எடுத்துவிடுவதே நடுவழி.

விலை ஏற்ற இறக்கத்தை மறந்து திட்டமிடுவோரும் உண்டு. 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஓராண்டுக்குள் 17,000 டாலருக்கும் கீழே சென்றது. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் தேவைப்படும் பணத்தையாவது வந்தவுடன் மாற்றிக்கொள்வது விவேகம். மேலும், பல நாடுகளில் நாணயம் கைக்கு வந்த நாளின் மதிப்பே வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. பின்னர் விற்கும்போது கிடைக்கும் லாபம் தனியாகக் கணக்கில் வரும். ஒவ்வொரு வரவுக்கும் தேதி, அன்றைய விலை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் குறித்து வைக்காதவர்கள் ஆண்டு முடிவில் பெரிதும் திணறுகின்றனர்.

பேனர் விளம்பரத்தில் வருவது போதவில்லை என்று, சில வலையமைப்புகள் வழங்கும் கட்டணக் கட்டுரைகளுக்கு (விளம்பரதாரர் பணம் கொடுத்து வெளியிடச் செய்யும் கட்டுரைகளுக்கு) மாறுவோர் உண்டு. அதில் தவறில்லை, பணம் வாங்கியதை மறைப்பதில்தான் தவறு இருக்கிறது. எத்தீரியம்மேக்ஸ் டோக்கனைப் பரிந்துரைக்க 2,50,000 டாலர் பெற்றதை வெளியிடாத அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியன், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் தொடுத்த நடவடிக்கையை முடித்துக்கொள்ள 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டார். சிறிய வலைப்பூவை எந்த ஆணையமும் தேடி வராமல் போகலாம், ஆனால் கூகுள் தேடல் கவனிக்கும்: கட்டண இணைப்புகளில், அவற்றைத் தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறியீடு இல்லாவிட்டால் தளத்தின் தேடல் தரவரிசை பாதிக்கப்படக்கூடும். கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே 'கட்டண விளம்பரம்' என்று எழுதி, இணைப்பில் அக்குறியீட்டையும் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் எழுத்துமூலம் ஏற்காத விளம்பரதாரரின் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.