முகில் மறைத்தாலும் காடு வெட்டைக் கண்டுபிடித்தல்: திருகோணமலைக்கான ராடார் செய்முறை

ஒக்டோபரில் மழை பிடித்தால் தை மாதம் வரை திருகோணமலையில் முகில் விலகுவது அரிது. அந்த நாட்களில் சேருவிலவிலோ குச்சவெளியிலோ காடு வெட்டப்பட்டால், சாதாரண செய்மதிப் படத்தில் மாசிக்குப் பிறகுதான் தெரியவரும். ராடார் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளப்பதால் அதற்கு முகிலும் தடையில்லை, இருட்டும் தடையில்லை. ஐரோப்பிய ராடார் செய்மதியான சென்டினல்-1இன் படங்கள் 2014 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு செய்மதி 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வரும். பிக்சல் 10 மீற்றர்.

அதன் அலைநீளம் சுமார் 5.5 சென்ரிமீற்றர். இலையிலும் சிறு கிளையிலும் பட்டுச் சிதறித் திரும்பும் இந்த அலையை விஎச் பட்டையில் (செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறுவது) பாருங்கள். விவி பட்டையில் (அனுப்புவதும் பெறுவதும் செங்குத்து) மண் ஈரத்தின் பாதிப்பு அதிகம். அடர்ந்த காட்டிலிருந்து திரும்பும் அலையின் பலம் விஎச்சில் ஏறத்தாழ -13 முதல் -15 டெசிபல் வரை இருக்கும். வெட்டித் துப்புரவாக்கிய காய்ந்த நிலம் அதைவிட 2, 3 டெசிபல் அல்லது இன்னும் கீழே இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே படத்தில் ராடாருக்கே உரிய புள்ளிச் சிதறலும் (பிக்சலுக்குப் பிக்சல் எண் தாறுமாறாக ஏறி இறங்குவது) ஏறக்குறைய 2 டெசிபல்தான். எனவே தனிப் படம் ஒன்றைப் பார்த்துக் காடு வெட்டு என்று முடிவு கட்டாதீர்கள். கச்சான் வீசி மண் காய்ந்திருக்கும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான படங்களை எடுத்தால் ஒரு செய்மதியில் சுமார் 10 படம் சேரும். செய்மதியின் ஒரே பாதை எண்ணும், அது செல்லும் ஒரே திசையும் (வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ) உள்ளவற்றை மட்டும் சேருங்கள். திசை மாறினால் அலை சாயும் கோணமும் மாறி, இல்லாத வெட்டு இருப்பதுபோலத் தெரியும். செய்மதிப் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகிள் ஏர்த் என்ஜினில் படங்கள் அளவுத்திருத்தம் முடிந்து டெசிபலில் வருகின்றன. டெசிபலில் சராசரி எடுத்தால் கணக்குப் பிழைக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். சொந்தக் கணினியில் ஸ்னாப் மென்பொருளில் செய்பவர்கள் சுற்றுப்பாதைத் திருத்தம், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், நில அமைப்புத் திருத்தம் என்ற வரிசையில் போக வேண்டும்.

இந்த ஆண்டு இடைநிலையிலிருந்து சென்ற ஆண்டினதைக் கழியுங்கள். -2.5 டெசிபலுக்குக் கீழே விழுந்த பிக்சல்களைப் பிரித்து, 50 பிக்சலுக்கு, அதாவது அரை ஹெக்டேயருக்கு, குறைந்த துண்டுகளை நீக்குங்கள். கந்தளாய், தம்பலகாமம் வயல்களையும் குளக்கரைகளையும் முன்கூட்டியே மறைத்துவிட வேண்டும். அறுவடையும் நீர்மட்டமும்தான் அங்கே டெசிபல் எண்ணை ஆட்டும்.

சேனைக்கு (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கைக்கு) வெட்டிய இடம்தான் அதிகம் ஏமாற்றும். வெட்டிய மரமும் கொப்பும் தரையில் கிடக்கும்வரை சிதறல் குறையாது. தீ வைத்த பிறகுதான் எண் சட்டென்று விழும். உடனே முதல் மழை பெய்து மண் நனைந்தால் எண் மறுபடி ஏறி, வெட்டையே மறைத்துவிடும். தேக்கந்தோட்டம் இதற்கு நேர்மாறு: வறட்சியில் இலை உதிர்வதால் வெட்டாமலே எண் இறங்கும். ஆண்டுதோறும் அதே மாதங்களை ஒப்பிடச் சொல்வது இதனால்தான்.

மழைக்காலத்தில் தொடர்ந்து கண்காணிக்க, சுற்றியுள்ள 2 கிலோமீற்றருக்குள் வெட்டப்படாத காட்டின் மாற்றத்தை ஒவ்வொரு புதுப் படத்திலிருந்தும் கழியுங்கள். மழையால் எல்லா இடத்திலும் சேர்ந்து ஏறிய எண் அதோடு பெரும்பாலும் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் வீழ்ச்சி நீடித்தால் மட்டும் எச்சரிக்கை கொடுங்கள். 12 நாள் தாமதமாகும், ஆனால் பொய் எச்சரிக்கை வெகுவாகக் குறையும். வெட்டிய இடத்தின் ஓரத்தில் விழும் ராடார் நிழலும் நல்ல சாட்சி. செய்மதி மேற்கிலிருந்து பார்த்தால், நிற்கும் மரங்களின் நிழல் வெட்டிய இடத்தின் மேற்கு ஓரத்தில் கறுப்புக் கோடாக விழும். மண் நனைந்தாலும் அது அழியாது.

ஒரு முதிரையையோ பாலையையோ தெரிந்தெடுத்துத் தறித்தால் இந்த முறையில் தெரியாது. அதைக் கண்டுபிடித்துத் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். 2025 ஜூலை 30இல் ஏவப்பட்ட அமெரிக்க-இந்திய ராடார் செய்மதியான நிசாரின் 24 சென்ரிமீற்றர் அலை இலை விதானத்தைத் தாண்டி அடிமரம்வரை போகும் என்றாலும், தனி மரத்துக்கு அதுவும் போதாது.

கிடைத்த துண்டுகளை ஜிபிஎஸ்ஸில் ஏற்றி நேரில் பாருங்கள். யானை நடமாடும் பக்கங்களுக்கு வன அலுவலர் இல்லாமல் போகாதீர்கள். குற்றி நிற்கிறதா, கரி கிடக்கிறதா, காற்றில் சாய்ந்த மரமா என்று குறித்து, படத் திகதியையும் பாதை எண்ணையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.