ஹேஷ் ரன்ல வழி தப்பிட்டா என்ன பண்ணணும்

ஹேஷ்னா 1938ல கோலாலம்பூர்ல வெள்ளைக்காரங்க ஆரம்பிச்ச ஓட்டம்ங்க, ஹேர் (முயல்)னு சொல்ற ஒருத்தர் முன்னாடியே போய் காட்டுக்குள்ள பேப்பர் துண்டு போட்டு வழி வச்சிருப்பாரு, மத்தவங்க அதைத் தேடித் தேடி ஓடணும், வேணும்னே பொய் வழியும் வச்சிருப்பாங்க. அதனால கொஞ்ச தூரத்துக்குப் பேப்பர் கண்ணுல படலைன்னா இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்போம்னு இறங்காதீங்க, கடைசியா பேப்பர் பாத்த இடத்துக்கே திரும்புங்க. பாதி பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

சாயங்கால ரன்னா டார்ச், விசில் ரெண்டும் கட்டாயம். மலேசியால ஏழரை வாக்குல இருட்டிரும், மரத்தடியில அதுக்கும் முன்னாடியே. தூரத்துல வழி கிடைச்சவங்க "ஆன் ஆன்"னு கத்துறது கேக்குதேன்னு நேரா புதருக்குள்ள பாஞ்சிடாதீங்க, நடுவுல பள்ளம் இருக்கலாம், மலையில சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியாது.

இருட்டிட்டா நின்ன இடத்துலயே இருங்க. ஒரு நிமிஷத்துல ஆறு தடவை விசில், அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா, திரும்ப அதே. சிக்னல் இருந்தா லொக்கேஷன் அனுப்பிட்டு மலேசியா அவசர நம்பர் 999க்கு போடுங்க. மழை வந்தா ஓடைப் பக்கமே போகாதீங்க, தண்ணி திடீர்னு ஏறும்.

ஓடி முடிச்சு வெளிய இருக்கவங்க பீர் திறக்கறதுக்கு முன்னாடி தலையை எண்ணுங்கப்பா! பார்க்கிங்ல எந்தக் கார் மிச்சம் நிக்குதுன்னு பாத்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிரும்.

அட்டை கடிச்சிருந்தா பிச்சு இழுக்காம நகத்தால தள்ளி விடுங்க, ரத்தம் கொஞ்ச நேரம் வரத்தான் செய்யும்.