தென் கரோலினாவின் ஸ்வீட்கிராஸ் கூடை: முதல் தட்டைத் தைப்பது எப்படி?

அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிகாரப்பூர்வ மரம், பறவை, பூ என ஒரு பட்டியல் உண்டு. தென் கரோலினாவின் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கைவினை. 2006-இல், ஸ்வீட்கிராஸ் என்ற மணமுள்ள புல்லால் செய்யும் கூடையை மாநிலக் கைவினையாக அறிவித்தார்கள். அந்தக் கூடையைத் தைத்துக் கட்டுவது பால்மெட்டோ பனையின் ஓலை. 1939 முதல் அதுதான் மாநில மரம், மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் அதே மரம். அமெரிக்க விடுதலைப் போரில், 1776 ஜூன் 28 அன்று சல்லிவன் தீவில், பால்மெட்டோ கட்டைகளால் எழுப்பிய கோட்டைச் சுவர் பிரிட்டிஷ் கப்பல்களின் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கி நின்றது. கொடியில் அந்த மரம் ஏறிய கதை இது.

கூடையின் கதை வேறு. அதைக் கொண்டுவந்தவர்கள், நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள். உரலில் குத்திய நெல்லைப் புடைத்து உமியைப் போக்க அவர்கள் செய்த அகலமான தட்டுக்கூடை நம் முறத்தின் வேலையைத்தான் செய்தது. அவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள்தான் இன்றும் சார்ல்ஸ்டன் சந்தையிலும், மவுண்ட் பிளசன்ட் ஊரின் 17-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்திலும் கூடை தைத்து விற்கிறார்கள். கொடியைப் போலவே இந்தக் கூடையும் மாநிலத்தின் அடையாளம் என்றால், அந்த மதிப்பு முதலில் சேரவேண்டியது இவர்களுக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் முயற்சிக்குக் கூடை வேண்டாம். டம்ளர் வைக்கிற அளவில் ஒரு வட்டத் தட்டு போதும்.

பொருட்கள்

அங்கே நான்கு பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய, மணமுள்ள ஸ்வீட்கிராஸ். நிறத்துக்காக நீள ஊசியிலைப் பைனின் பழுப்பு இலைகள். உறுதி தேவைப்படும் பெரிய கூடைகளுக்குத் தடித்த சதுப்புநிலக் கோரை. தைக்க பால்மெட்டோவின் இளங்குருத்துக் கீற்று. ஸ்வீட்கிராஸ் கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் வளரும். அதை அறுக்க மாட்டார்கள், வேர் மண்ணிலேயே தங்கும்படி புல்லின் தாளை மட்டும் கையால் உருவி எடுப்பார்கள். கடலோரம் முழுக்க வீட்டுமனைகளும் விடுதிகளும் வந்துவிட்டதால் அந்தப் புல் கிடைப்பது இப்போது பெரும்பாடு. அதனால் பழகுவதற்கு உங்கள் ஊரில் கிடைக்கும் மெல்லிய, நீளமான காய்ந்த புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தைக்கப் பனங்குருத்தோலை நன்றாக ஒத்துழைக்கும். அதை அரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலத்தில் கிழித்து, நுனியைச் சாய்வாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

கருவி ஒன்றே ஒன்று. முன்பு மாட்டு விலா எலும்பைத் தீட்டி வைத்திருந்தார்கள். இப்போது ஸ்பூனின் தலையை வெட்டிவிட்டு, காம்பைத் தட்டையாக அராவிக்கொள்கிறார்கள். பெயர் மட்டும் இன்னும் 'போன்'தான், அதாவது எலும்பு.

படி 1: முடிச்சு

பத்துப் பன்னிரண்டு புல் தாள்களைச் சேர்த்து நடுவில் ஒரு முடிச்சுப் போடுங்கள். இதுதான் தட்டின் மையம். இரு பக்க வால்களையும் ஒன்றாகச் சேர்த்து, முடிச்சை ஒட்டி வளையுங்கள். புல் கட்டு பென்சில் பருமன் இருக்கட்டும்.

படி 2: முதல் சுற்று

'போன்' கருவியால் முடிச்சைக் குத்தித் துளை போடுங்கள். ஓலைக் கீற்றை அதில் நுழைத்து, புல் கட்டின் மேலாகக் கொண்டுவந்து, இறுக்கி இழுங்கள். மறுபடி குத்து, நுழை, இழு. சுற்று முடியும்வரை இதேதான்.

படி 3: வரிசை வளர்ப்பது

இங்கே நிதானம் தேவை. இது பாய் முடைவதுபோல மேலும் கீழுமாகப் பின்னுகிற வேலை அல்ல, தையல். ஒவ்வொரு தையலும் உள்வரிசையின் புல்லில் கொஞ்சத்தைக் குத்திப் பிடிக்க வேண்டும். துளையை உள்வரிசைத் தையலை ஒட்டியே போடுங்கள். அப்படிச் செய்தால் தையல்கள் மையத்திலிருந்து கதிர்போல விரியும். வட்டம் பெரிதாகும்போது இடைவெளி அகலும். அப்போது நடுவில் கூடுதலாக ஒரு தையல் போடுங்கள்.

கட்டு மெலிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள். மெலிந்தால் கட்டின் நடுவே இரண்டு மூன்று புதுத் தாள்களைச் செருகுங்கள். மொத்தமாகச் சேர்த்தால் அந்த இடத்தில் புடைப்பு விழும். ஓலை தீர்ந்தால் வாலைக் கட்டுக்குள் ஒளித்துவிட்டு, புதுக் கீற்றை அடுத்த துளையில் தொடங்கலாம். ஒரு சுற்று முழுக்கப் பைன் இலையைச் சேர்த்தால் அழகான பழுப்பு வளையம் கிடைக்கும்.

தட்டு கிண்ணம்போலக் குழிந்தால் இழுப்பு அதிகம், தையல்கள் ஆடினால் குறைவு.

படி 4: முடிப்பது

கடைசிச் சுற்றில் புல் சேர்ப்பதை நிறுத்துங்கள். கட்டு தானாகக் கூர்ந்து வரும். அங்கே நெருக்கமாகத் தைத்து, ஓலையின் வாலைப் பின்னோக்கித் துளைகளுக்குள் செருகி வெட்டிவிடுங்கள்.

அப்புறம் கூடை வேண்டுமென்றால் அடிப்பாகம் போதுமான அளவு வந்ததும், அடுத்த சுற்றைப் பக்கத்தில் வைக்காமல் முந்தைய சுற்றின் மேலே ஏற்றித் தையுங்கள். சுவர் அங்கிருந்து எழும். சற்று வெளித்தள்ளி வைத்தால் வாய் அகன்ற கூடை வரும், உள்தள்ளினால் வாய் குறுகும்.